மெல்லக் கற்போர் அறையில் இடமில்லை

அரசாங்கம் எதையாவது மதிப்பிடுவது என்று முடிவு செய்துவிட்டால் அதனால் முதலில் முன்னேறுகிறவன் ஜெராக்ஸ் கடைக்காரன். ஊகமாகச் சொல்லவில்லை, நானே அப்படி ஒரு கடைக்காரன். என் கடை அரசு உயர்நிலைப் பள்ளியின் வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. பள்ளியில் பாடம் நடக்கும் நாட்களில் நான் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். மதிப்பீடு நடக்கும் நாட்களில் பாடம் நடக்காது, என் மெஷின் ஓடும். ஆகவே நாட்டின் கல்வி வளர்ச்சியில் எனக்கு உண்மையான அக்கறை உண்டு.

அந்த வருஷம் ஒரு சுற்றறிக்கை வந்தது. "பள்ளியின் செயல்திறன், மாணவர் சேர்க்கை, மாணவர் ஆதரவு ஆகிய மூன்று இனங்களின் கீழ் முழுமைசார் ஒருங்கிணைந்த மதிப்பீடு மேற்கொள்ளப்படும்" என்று அதில் இருந்தது. தலைமையாசிரியையே தெருவைக் கடந்து வந்து அதைப் பிரதி எடுத்தார். நல்ல மனுஷி. குரலை உயர்த்தாமலே ஒரு பள்ளிக்கூடத்தை அடக்கத் தெரிந்தவர். நான் பெற்றோர் கழகத்தில் உறுப்பினர் என்பதால் என்னிடம் மனம் விட்டுப் பேசுவார்.

"செயல்திறனுக்குப் பயமில்ல. சேர்க்கைதான் கொஞ்சம் இறங்கியிருக்கு. ஆதரவுல நமக்கு முழு மார்க் வந்துடும்" என்றார்.

அப்படி அவர் நம்பியதற்குக் காரணம் இருந்தது. மாடிப்படிக்குப் பக்கத்தில் 'மெல்லக் கற்போர் அறை' என்று ஒன்று உண்டு. அதில் ஒரு டீச்சர். எந்தப் பிள்ளை திணறினாலும் "மெதுவா, மெதுவா" என்பார். அதனால் பிள்ளைகள் அவருக்கு மெதுவா டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆசிரியர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் மட்டும்தான் வேறு பெயர் இருந்தது.

எங்கள் இரண்டாவது பெண் அந்த அறையில்தான் இருந்தாள். வீட்டில் அவளுக்குச் 'சின்னது' என்று பெயர். எட்டாம் வகுப்பு. அப்பன் எழுத்தை அச்சடித்துப் பிழைக்கிறான், மகளுக்கு எழுத்தைக் கண்டாலே ஆகாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் இடம் மாறி ஓடுகிறது என்பாள். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இரண்டு வருஷத்தைத் தள்ளிவிட்டாள். மெதுவா டீச்சரிடம் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு சாயங்காலம் கடை வாசலில் நின்று, விரலைக் காற்றில் வைத்து, "லே...மி...னேஷன்... செய்து... தரப்...படும்" என்று என் போர்டை முழுசாகப் படித்தாள். என் வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் பேப்பர் கட்டு எடுப்பதுபோல உள்ளே போய்விட்டேன். அழத்தான் போனேன், வேறென்ன.

மதிப்பீட்டு அதிகாரி வந்தார். கோபமே வராத மனிதர். கையில் ஒரு பலகைக் கணினி. அதில் கட்டம் கட்டமாக இருக்கும். எதைச் சொன்னாலும் "இது எந்தக் கட்டத்துல வரும்?" என்று கேட்பார். கட்டத்தில் வராத விஷயத்தை அவர் காதில் வாங்கமாட்டார். அன்று மதியத்துக்குள் பள்ளிக்கூடமே அவரைக் கட்டம் சார் என்று அழைக்கத் தொடங்கிவிட்டது.

பிரதிகளைக் கொடுக்கப் போன நானும் பின்னாலேயே நடந்தேன். மெல்லக் கற்போர் அறை வாசலில் கட்டம் சார் நின்றார்.

"இங்க எத்தனை பேர் படிக்கிறாங்க?"

"இப்ப ஒன்பது பேர் சார்" என்றார் மெதுவா டீச்சர். முகமெல்லாம் பெருமை. "வருஷ ஆரம்பத்துல நாற்பது பேர் இருந்தாங்க. மத்தவங்க தேறிட்டாங்க. அவங்கவங்க வகுப்புக்கே அனுப்பிட்டேன்."

"அனுப்பிட்டீங்களா? யாரைக் கேட்டு?"

"தேறிட்டாங்க சார்."

"அது சரிம்மா. ஆதரவு அறைன்னு ஒண்ணு இருந்தா ஆதரவு பெறுவோர் இருக்கணும். குறைந்தபட்சம் முப்பது பேர். நீங்க பாட்டுக்கு எல்லாரையும் தேத்தி விட்டுட்டா அரசாங்கம் யாருக்கு ஆதரவு கொடுக்கும்?"

தலைமையாசிரியை குறுக்கிட்டார். "சார், ஆஸ்பத்திரியில நோயாளி குணமாகி வீட்டுக்குப் போனா நல்லதுதானே?"

"போகட்டும்மா, நான் வேண்டாங்கல. எல்லாரும் போயிட்டா அதுக்குப் பேர் ஆஸ்பத்திரி இல்ல, காலிக் கட்டடம். காலிக் கட்டடத்துக்கு வேற கட்டம் இருக்கு." அந்த வேறு கட்டத்தை விரலால் தொட்டும் காட்டினார்.

ஆதரவு இனத்தில் பூஜ்யம் விழுந்தது. அடுத்த வருகைக்குள் முப்பது பேர் சேராவிட்டால் அறை கையகப்படுத்தப்பட்டுக் காணொளி அரங்கமாகும், டீச்சர் தொலைதூரப் பள்ளிக்கு மாற்றப்படுவார் என்று சொல்லிவிட்டு, குறையாகச் சொல்லவில்லை, வழிகாட்டலாகச் சொல்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார்.

சின்னதின் முகம்தான் எனக்கு முன்னால் வந்து நின்றது. கடைசி பெஞ்சும் அந்த ஜன்னலும் கூடவே வந்தன.

தலைமையாசிரியை உடனே பெற்றோர் கூட்டம் கூட்டினார். மெல்லக் கற்கும் பிள்ளைகள் இருபத்தியொரு பேர் அவசரமாகத் தேவை என்று மிகவும் நாசூக்காகச் சொன்னார். கூட்டம் கொந்தளித்தது. "என் பையனைப் பார்த்து மக்குன்னு சொல்றீங்களா?" என்று ஒருவர் எழுந்தார். அவர் பையன் மக்குதான் என்பது அங்கிருந்த பலருக்குத் தெரியும். ஆனாலும் எல்லோரும் அவர் பக்கம் நின்றார்கள். அவரவர் வீட்டிலும் ஒன்று இருந்தது.

கூட்டம் முடிந்து தலைமையாசிரியை தனியாக உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இந்த மூளையை வைத்துக்கொண்டு நான் ஏன் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று அன்றைக்கு எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"டீச்சர், அறையை மாத்த வேண்டாம். போர்டை மாத்துவோம்" என்றேன்.

மறுநாள் என் கைக்காசில் ஒரு போர்டு அடித்து மாட்டினேன். நீலப் பின்னணியில் தங்க எழுத்து: 'தனிக்கவன மேம்பாட்டு மையம்.' அதன் கீழே சிவப்பில்: 'மிகச் சில இடங்களே உள்ளன.'

தலைமையாசிரியைக்கு மனசாட்சி உறுத்தியது. "இதுல பொய் ஒண்ணும் இல்லையே?"

"எங்கங்க இருக்கு? தனிக்கவனம்தானே கொடுக்கறாங்க? இருபத்தியொரு இடம்தானே காலி? சில இடம்தான்."

மேல் வரியை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. கீழ் வரியை ஊரே படித்தது.

முதலில் வந்தவர் வங்கி மேலாளரின் மனைவி. அவர்கள் பையன் பேருந்து வைத்து அழைத்துப்போகும் பெரிய தனியார் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். கார் என் கடை வாசலில் நின்றது.

"இது எல்லாருக்கும் கொடுக்கமாட்டாங்களாமே?" என்றார் ரகசியக் குரலில்.

"கொடுக்கமாட்டாங்கம்மா."

"யாருக்குக் கொடுப்பாங்க?"

"தேவைப்படறவங்களுக்கு."

"எங்களுக்கு ரொம்பத் தேவைப்படுது" என்றார் அவர். எதற்கு என்று அவருக்கும் தெரியாது, நானும் கேட்கவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் பெருவெள்ளம். ஒரு வாரத்தில் பள்ளி வாசலில் கார் நிறுத்த இடமில்லை. "உங்க பையன் சாதாரண வகுப்பா? பரவாயில்ல, அதுவும் படிப்புதானே" என்று கடைத்தெருவில் ஆறுதல் சொல்லத் தொடங்கினார்கள். கல்யாணப் பேச்சில்கூட, மாப்பிள்ளையின் தம்பி தனிக்கவனத்தில் படிக்கிறான் என்று ஒரு வரி சேர்ந்தது. கூட்டத்தில் எழுந்து கத்தினவர் தலைமையாசிரியையின் அறைக்கு வெளியே நின்று, "என் பையன் மக்குங்க டீச்சர், நம்புங்க, நான் பெத்தவன் சொல்றேன்" என்று கெஞ்சியதை நான் என் காதால் கேட்டேன்.

பள்ளியின் சேர்க்கை எகிறியது. கட்டம் சார் தொலைபேசியில் வாழ்த்தினார். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகமாகிவிட்டதால் தகுதித் தேர்வு வைத்தே சேர்க்க வேண்டும். ஏற்கெனவே உள்ளவர்களும் எழுத வேண்டும். நூற்றுக்கு இருபதிலிருந்து முப்பத்துநான்கு வரை எடுப்பவரே மெல்லக் கற்போர். முப்பத்தைந்து எடுத்துவிட்டால் அவர் தேறியவர், ஆதரவு தேவையில்லை. இருபதுக்குக் கீழே போனால் 'ஆதரவு வரம்புக்கு அப்பாற்பட்டவர்'. அவர்களைக் கவனிக்க உயர்மட்டக் குழு உண்டு. குழு இன்னும் அமைக்கப்படவில்லை.

தகுதித் தேர்வு என்ற சொல் காதில் விழுந்ததுமே என் மைத்துனன் ஓடிவந்தான். வீட்டுக்காரியின் தம்பி. இரண்டு தெரு தள்ளி டியூஷன் சென்டர் நடத்துகிறான். நூற்றுக்கு நூறு வாங்க வைப்பதில் பெயர் பெற்றவன்.

"மாமா, பொழப்பு மாறிப்போச்சு" என்றான். "இனிமே நூறெல்லாம் யாருக்கும் வேணாம். இருபத்தேழு எடுக்கச் சொல்லிக் கொடுக்கணும்."

"அது என்ன மாப்ள இருபத்தேழு?"

"நட்டநடு. கொஞ்சம் ஏறினாலும் ஆபத்தில்ல, இறங்கினாலும் ஆபத்தில்ல."

ஒரு கையேடு எழுதிக் கொண்டுவந்தான். 'இருபத்தேழு: எளிய வழி.' என் மெஷினில்தான் அடித்தேன். மெஷின் சூடு ஆறவே இல்லை. பிரதிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது சென்டரில் பாடம் நடந்துகொண்டிருந்தது. பள்ளியிலேயே முதல் மாணவன், பிள்ளைகள் கால்குலேட்டர் என்று கூப்பிடும் பையன், எழுந்து நின்றான்.

"ஏழெட்டு எவ்வளவு?" என்றான் மாப்பிள்ளை.

"ஐம்பத்தாறு."

"தப்பு. உட்காரு."

"ஐம்பத்தாறுதானே சார்?"

"அதனாலதான் தப்பு. அடுத்து நீ சொல்லும்மா."

பக்கத்திலிருந்த பெண் தைரியமாக, "நூறு" என்றாள்.

"அது திமிர். திருத்தறவங்க பார்த்ததுமே வேணும்னு எழுதினதுன்னு கண்டுபிடிச்சுடுவாங்க. தப்புன்னா அதுல ஒரு நேர்மை இருக்கணும். பாவம், முயற்சி பண்ணி, கடைசியில வழுக்கி விழுந்துட்டான்னு படிக்கறவங்களுக்குத் தோணணும்."

கால்குலேட்டர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தான். "ஐம்பத்திநாலு?"

மாப்பிள்ளை கண்களை மூடிக்கொண்டான். "ஆகா" என்றான். "அதுல ஒரு வலி இருக்கு பாரு. எல்லாரும் எழுதிக்கோங்க, ஐம்பத்திநாலு."

பக்கத்து வீட்டில் மாதிரித் தேர்வில் ஒரு பையன் தொண்ணூற்றொன்று எடுத்துவிட்டான். அன்றைக்கு அவன் அப்பா போட்ட சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. "உனக்கு என்னடா குறை வெச்சேன்? எதிர்வீட்டுப் பொண்ணைப் பாரு. இருபத்தாறு எடுத்திருக்கா. வெளியில தலைகாட்ட முடியுதா என்னால?" பையன் தேம்பிக்கொண்டே, "இனிமே ஒழுங்கா படிக்கமாட்டேம்பா" என்று சத்தியம் செய்தான்.

என் வீட்டுக்காரி மட்டும் கவலையாக இருந்தாள். "என்னங்க, நம்ம சின்னதையும் தம்பிகிட்ட அனுப்பலாமா?"

நான் சிரித்தேன். "அவளுக்கு எதுக்குக் கோச்சிங்? மத்தவங்க நடிக்கணும். இவ சும்மா போய் எழுதினாலே போதும்."

தேர்வு நடந்தது. முடிவு ஒட்டிய அன்று சின்னது தெருவை இரண்டு பக்கமும் பார்க்காமல் ஓடிவந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அப்பா, முப்பத்தெட்டு. பாஸ்ப்பா. நான் பாஸ் ஆயிட்டேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தேறியிருக்கிறாள், தேறவே கூடாத ஒரே பரீட்சையில். அவளைத் தூக்கித் தட்டாமாலை சுற்ற வேண்டும்போல் இருந்தது. வயிற்றில் அடித்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. கடைசியில் இரண்டுமே செய்யாமல், "முப்பத்தெட்டு எடுக்க எங்கடி படிச்சே?" என்றேன். அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

அவளோடு இருந்த மற்ற எட்டுப் பேரும் இருபதுக்குக் கீழே. நடிக்கத் தெரியாத பிள்ளைகள். இருபத்தேழு எடுப்பதற்குக் கணக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஆகமொத்தம் மையத்தின் முப்பது இடங்களும் பள்ளியின் முதல் முப்பது பிள்ளைகளுக்குப் போயின. அதற்கான கையேட்டை அச்சடித்தவன் நான். போர்டு மாட்டினவனும் நான். ஆணியும் என்னுடையதுதான்.

சாயங்காலம் மெதுவா டீச்சர் கடைக்கு வந்தார். எப்போதும் நிதானமாகப் பேசுகிறவர் அன்று படபடவென்று பேசினார். "முப்பத்தெட்டுன்னா இப்பதாங்க அவ எழுந்து நிக்கறா. நடக்கறதுக்குள்ள கையை விடச் சொல்றாங்க."

வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலாம். மறுநாள் கடையைச் சாத்திவிட்டுக் கட்டம் சாரின் அலுவலகத்துக்குப் போனேன்.

"வாழ்த்துகள்" என்றார் விஷயத்தைக் கேட்டதும். உண்மையாகவே மகிழ்ந்தார்.

"சார், அவளுக்கு இன்னும் அந்த டீச்சர் வேணும்."

"வேணுங்கறது வேற, தகுதிங்கறது வேற. தேவைக்கு என்கிட்ட கட்டம் இல்ல, தகுதிக்குத்தான் இருக்கு."

"நாலே நாலு மார்க்தான் சார் அதிகம். குறைச்சுப் போட்டுடுங்களேன்."

"நான் எப்படிங்க போடமுடியும்? தேறாதவங்களைத் தேறினதா எழுத எனக்கு அதிகாரம் இருக்கு. எத்தனையோ தடவை எழுதியிருக்கேன். தேறினவங்களைத் தேறலைன்னு எழுதினா அது மோசடி."

"மறுபடி எழுதச் சொல்லலாமா? கொஞ்சம் மோசமா எழுதுவா."

"அடுத்த வருஷம் எழுதட்டும். நல்லாத் தயார் பண்ணுங்க. இப்பதான் கோச்சிங்கெல்லாம் வந்துடுச்சாமே" என்று தேநீர் கொடுத்து அனுப்பினார்.

மையம் கோலாகலமாகத் தொடங்கியது. முப்பது பிள்ளைகளும் தனிக் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். மெதுவா டீச்சர் ஒரு கணக்கைப் பலகையில் எழுதித் திரும்புவதற்குள் முப்பது பேரும் மனதுக்குள் போட்டு முடித்துவிட்டு, ஐம்பத்திநாலு ரகத்தில் ஒரு விடையை நோட்டில் எழுதினார்கள். மாதாந்திரத் தேர்வில் முப்பத்தைந்தைத் தொட்டால் இடம் போய்விடும் என்பதால், பெற்றோர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். வீட்டில் யாராவது ரகசியமாகப் படித்து மாட்டிக்கொண்டால் புத்தகம் பிடுங்கி வைக்கப்பட்டது.

சில நாள் கழித்துப் பெற்றோர் கழக வேலையாகப் பள்ளிக்குப் போன நான் சின்னதை அவள் வகுப்பில் தேடினேன். கடைசி பெஞ்ச் காலி. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டுப் பின்பக்கம் அழைத்துப்போனார்.

அங்கே பழைய சாமான் அறை. கால் உடைந்த பெஞ்சுகள், அச்சு கழன்ற உலக உருண்டை, ஒரு கை இல்லாத எலும்புக்கூடு. நடுவில் தரையில் மெதுவா டீச்சர். சுற்றிலும் அந்த ஒன்பது பேர். சின்னது எலும்புக்கூட்டின் விலா எலும்புகளை எண்ணி எண்ணிப் பெருக்கல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அங்க இருக்கறவங்களுக்கு நான் தேவையில்லைங்க" என்றார் டீச்சர். "கதவைத் திறந்துவிட்டா போதும். மீதி நேரத்துக்கு இங்க வந்துடறேன்."

"போர்டு ஏதாவது..." என்று நான் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தேன்.

"வேண்டாம்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

கட்டம் சார் இரண்டாம் முறை வந்தார். மையத்தைப் பார்த்து அசந்துபோனார். "போன தடவை இங்க எல்லாரும் தேறிப் போயிட்டிருந்தாங்க. இப்ப பாருங்க, ஒருத்தர்கூடத் தேறல. இதுதான் நீடித்த ஆதரவு" என்று பூரித்தார். செயல்திறன் இனத்தில் மட்டும் சராசரி ஏன் இப்படி விழுந்தது என்று அவருக்குப் புரியவில்லை. அதற்கும் சேர்த்துக் கூடுதல் ஆதரவு பரிந்துரைத்தார். சுற்றிவிட்டுத் திரும்பும்போது, யார் செய்த பாவமோ, பின்பக்கம் திரும்பிவிட்டார். பழைய சாமான் அறையின் கதவு திறந்திருந்தது.

"இவங்கெல்லாம் யாரு?"

மெதுவா டீச்சர் சாக்பீஸை முந்தானைக்குள் மறைத்தார். தலைமையாசிரியை மட்டும் அசையவில்லை.

"சார், கழிவு செய்ய வேண்டிய சாமான் அறையில இருக்கற எதையும் மேலிட அனுமதி இல்லாம வெளியே எடுக்கக் கூடாதுன்னு உங்க ஆணை ஒண்ணு இருக்கு."

"ஆமா, இருக்கு."

"இவங்க இந்த அறையிலதான் சார் இருக்காங்க."

கட்டம் சார் நீண்ட நேரம் யோசித்தார். பலகைக் கணினியில் கட்டங்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். எலும்புக்கூட்டைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார்.

"அப்போ எடுக்கக் கூடாது" என்றார். "அனுமதி வர்ற வரைக்கும் எல்லாம் அப்படியே இருக்கட்டும்."

"உத்தரவு சார்."

அந்த அனுமதி கேட்டு விண்ணப்பித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்திலேயே இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. பள்ளிக்கு ஆதரவில் முதல் பரிசு கிடைத்தது. கட்டம் சாருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. எங்கள் சின்னதுக்கு உட்கார ஒரு தரை கிடைத்தது. ஊரில் இத்தனை பேர் ஒரே நேரத்தில் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஆண்டுத் தேர்வு வந்தது. இதில் முப்பத்தைந்தைத் தாண்டியே ஆக வேண்டும். முப்பது கழுத்துப்பட்டைகளும் உட்கார்ந்தன. கேள்வித்தாளில் ஏழெட்டு வந்திருந்தது. கால்குலேட்டர் பேனாவை எடுத்தான். கை தானாக ஐம்பத்திநாலு என்று எழுதிவிட்டது. அடித்துவிட்டு மறுபடி எழுதினான், மறுபடியும் ஐம்பத்திநாலு. அவனுக்கு இருபத்தேழு வந்தது. முப்பது பேரில் அநேகமாக எல்லோருக்கும் அதேதான் வந்தது. மாப்பிள்ளையின் பயிற்சி அவ்வளவு திடமானது.

சின்னதுக்கு ஐம்பத்திரண்டு.

அன்றைக்கு நான் சந்தோஷத்தை மறைக்கவில்லை. அவளைத் தூக்கிச் சுற்றினேன். எட்டாம் வகுப்புப் பெண்ணைத் தூக்கினால் இடுப்பு பிடிக்கும் என்று வீட்டுக்காரி சொன்னாள், பிடித்தது. ரொம்ப நாள் கழித்து அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இந்தத் தடவையாவது வாயை மூடிக்கிட்டு இருங்க" என்றாள். மூடிக்கொண்டுதான் இருந்தேன். சத்தியமாக.

ஆனால் மார்க் ஒட்டுகிற பலகைக்கு வாய் இருக்கிறதே. இரண்டு நாளில் அந்தக் கார் மறுபடியும் கடை வாசலில் நின்றது. வங்கி மேலாளரின் மனைவி இறங்கினார். மையத்தில் அவர் பையனுக்கு இருபத்தேழு.

"உங்க பொண்ணு ஏதோ பின்பக்க ரூம்ல படிக்கறாளாமே?" என்றார், அதே ரகசியக் குரலில். "அதுல சேர என்ன பண்ணணும்?"

இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். எச்சரிக்கையாகத்தான் பேசினேன். அந்த ஒன்பது பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "அங்க இடமே இல்லைங்கம்மா" என்றேன்.

அவர் கண்கள் பளிச்சென்று விரிந்தன. சொன்னது என்னவென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை நான் கடையைத் திறக்கும்போது வரிசை பள்ளியைச் சுற்றிப் பின்பக்கம் வரை போயிருந்தது. சிலர் முன்யோசனையோடு வீட்டிலிருந்து கால் உடைந்த நாற்காலிகளைக் கொண்டுவந்திருந்தார்கள். மாப்பிள்ளை கையில் ஒரு காகிதக் கட்டோடு வந்து நின்றான்.

"மாமா, அவசரம். மத்தியானத்துக்குள்ள வேணும்."

சின்னது கடைக்குள் உட்கார்ந்திருந்தாள். மேல் தாளை எடுத்து, விரல் வைக்காமல், ஓர் இடத்தில்கூடத் தடுக்காமல் படித்தாள். "பழைய சாமான் அறையில் இடம் பெறுவது எப்படி: எளிய வழிகள்." படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இது யாருக்குப்பா?"

நான் எழுந்துபோய் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினேன். "ரிப்பேர் மாப்ள. இன்னைக்கு ஓடாது" என்றேன். கடை வைத்த நாள் முதலாக வந்த வேலையை நான் திருப்பி அனுப்பியதில்லை. நெஞ்சு நிமிர்ந்துதான் நின்றேன்.

"அதனால என்ன மாமா" என்றான் அவன், சின்னதின் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டு. "அடுத்த தெருவுல புதுசா நாலு கடை வந்திருக்கே."